5 என்றால் உசத்தி என்று யார் சொன்னது?

கொச்சிப் பக்கம் யாராவது புதிதாக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி டிவியின் முதுகில் செருகினால், உடனே வந்து விழும் உபதேசம் ஒன்று உண்டு: "5ஜியில போடுங்க. இன்னொண்ணு பழசு, ஸ்லோ." விற்ற கடைக்காரர் சொல்கிறார். இணைப்புக் கொடுக்க வரும் கேபிள் ஆபரேட்டரின் பையன் சொல்கிறான். பொறியியல் படிக்கும் மருமகனும் சொல்கிறான். ஏலூர்க் குவார்ட்டர்ஸிலும் இதே பேச்சு, மட்டாஞ்சேரிச் சந்துகளிலும் இதே பேச்சு. எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ரூட்டர் ஓர் அறையிலும் டிவி இரண்டு சுவர் தள்ளி வேறோர் அறையிலும் இருக்கிற வீட்டுக்கு இந்த உபதேசம் தவறு. அதைக் கேட்டு நடந்தவர்கள் படம் நின்று நின்று ஓடுவதைப் பார்த்து லைன்காரரைத் திட்டுகிறார்கள். மாதக் கட்டணத்தை ஏற்றிக்கொள்கிறார்கள். அப்படியும் சரியாகாமல் புது ரூட்டர் வாங்குகிறார்கள். அத்தனையும் வீண் செலவு.

குழப்பத்தின் வேர் அந்த 5 என்ற எண்ணில் இருக்கிறது. 2022 அக்டோபரில் இந்தியாவில் மொபைல் 5ஜி வந்தது. நான்காம் தலைமுறைக்குப் பின் ஐந்தாம் தலைமுறை என்ற கணக்கில் அது 5. வீட்டு ரூட்டரில் வரும் 5 என்பது அலைவரிசை, 5 ஜிகாஹெர்ட்ஸ். இதற்கும் தலைமுறைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ரூட்டர் செய்கிற நிறுவனங்கள் வைஃபை பெயரின் வாலில் '5ஜி' என்று ஒட்டி அனுப்புகின்றன. ஃபோனில் இரண்டு பெயர்கள் தெரிகின்றன. ஒன்றில் 5ஜி இருக்கிறது, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையான மற்றதில் இல்லை. பார்க்கிறவர் எதைத் தொடுவார்? அவர் மேல் குற்றமில்லை. அப்படித் தொட வைத்தவர்கள் மேல்தான் குற்றம்.

2.4 பழசு, 5 புதுசு என்பதும் பொய். வைஃபையின் முதல் தரநிலை 1997இல் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வந்தது உண்மை. அடுத்த இரண்டு தரநிலைகளான 802.11ஏ, 802.11பி இரண்டும் ஒரே ஆண்டில், 1999இல் வந்தன. ஏ என்பது 5 ஜிகாஹெர்ட்ஸ், பி என்பது 2.4. வேகத்தில் ஏ முந்தி நின்றது: அதற்கு 54 எம்பிபிஎஸ், பிக்கு 11தான். அப்படியிருந்தும் உலகத்து வீடுகளுக்குள் நுழைந்தது பிதான். சிப்பைச் செய்வது மலிவாக இருந்தது. சுவரைத் தாண்டி எட்டவும் எட்டியது. ஆப்பிள் அதே ஆண்டு ஐபுக் மடிக்கணினியோடு கொண்டுவந்த ஏர்போர்ட்டும் 2.4இல்தான் ஓடியது. ஆக, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கின்றன.

சுவருக்கு வருவோம். இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது அதுதான்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். 5இன் அலை ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரே மாதிரி ஆன்டெனாக்களை வைத்து, நடுவே ஒன்றுமே இல்லாத வெளியில் அனுப்பினாலும், அதே தூரத்தில் 5இல் வந்து சேரும் சக்தி 2.4இல் வருவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். சுவர் குறுக்கே வந்தால் நிலைமை இன்னும் மோசம்: அதிர்வெண் ஏற ஏறக் கல்லும் காங்கிரீட்டும் அலையைக் கூடுதலாக விழுங்குகின்றன. மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளும் பஜார் ரோட்டின் பண்டகசாலைகளும் எதனால் கட்டியவை? வெட்டுக்கல் என்று இங்கே சொல்லும் செம்பாறைக் கல், சுண்ணாம்புச் சாந்து. ஒரு முழத்தை நெருங்கும் தடிமன். அந்தக் கல்லின் உடம்பெல்லாம் துளை. ஜூனில் மழை பிடித்தால் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கல் அது, நீர் ஊறிய கல்லோ அலைக்கு இன்னும் பெரிய தடை. மிளகும் இஞ்சியும் மூட்டை மூட்டையாக அடுக்குவதற்காகக் கட்டிய சுவரை, ஏதோ ஒரு வெளிநாட்டுப் பரிசோதனைக் கூடத்தின் ஜிப்சம் பலகையாக நினைத்துக்கொண்டு அறிவுரை சொல்கிறார்கள்.

மட்டாஞ்சேரியில் நான் நன்றாக அறிந்த ஒரு வீடு இருக்கிறது. ஃபைபர் கம்பி தெருவிலிருந்து நேரே முன் திண்ணைக்கு வருகிறது. மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் ஆணியடித்து ரூட்டரை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். டிவி உள்ளறையில். இடையில் இரண்டு வெட்டுக்கல் சுவர்கள். அந்த டிவியின் பின்பக்கம் ஃபோனைப் பிடித்து, அலை வலுவைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைத் திறந்து பார்த்தோம். இதன் அளவு மைனஸில் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம். 2.4 மைனஸ் 60ஐ ஒட்டி நின்றது. 5 மைனஸ் 80ஐத் தாண்டிக் கீழே போய், அவ்வப்போது பட்டியலிலிருந்தே மறைந்தது. ஸ்டிக் எதில் இருந்தது? 5இல். திட்டத்தை உயர்த்தியும் பார்த்தார்கள், பலனில்லை. 2.4க்கு மாற்றியதும் படம் ஓடியது. ஒரு பைசா செலவில்லை.

"ஆனா 2.4ல ஸ்பீடு குறையுமே?" என்பார்கள். குறையும். எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவிட்டு அல்லவா குறைவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் கணக்குப்படி 1080பி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே படத்துக்கு 15. இரண்டு ஆன்டெனா உள்ள ஒரு ஸ்டிக் 2.4இன் சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 144 எம்பிபிஎஸ் வரை இணைப்பு வேகம் பிடிக்கும். நடைமுறையில் பாதி கிடைத்தாலும் 4கே படத்துக்குத் தேவையானதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். 5இல் 866 என்று பெட்டியில் அச்சடித்திருப்பது உண்மைதான். அது ரூட்டருக்கு எதிரே உட்கார்ந்தால் வருகிற எண். இரண்டு சுவருக்கு அப்பால் அந்த எண் சரிந்து சரிந்து ஒற்றை இலக்கத்துக்கே வந்துவிடக்கூடும்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2.4இல் இடம் குறைவு. 2005இல் நம் அரசு உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்ட 2.4 பட்டை மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். 5இல் 2018 அக்டோபர் அறிவிக்கை 605 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. ஏழு மடங்கு இடம். போதாக்குறைக்கு, மீன்குழம்பைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 பட்டையிலேயே அலறுகிறது. காக்கநாட்டு அடுக்குமாடியில் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் ரூட்டர்கள் இருக்க, மெல்லிய சுவருள்ள சிறிய ஃபிளாட்டில் குடியிருப்பவருக்கு 5தான் சரி. டிவியும் ரூட்டரும் ஒரே அறையில் இருந்தாலும் 5தான் சரி. நான் எதிர்ப்பது 5ஐ அல்ல, வீட்டைப் பார்க்காமல் சொல்லும் தீர்ப்பை. ஏலூரில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலையின் குடியிருப்புக்குப் போய்ப் பாருங்கள். மரங்களுக்கு நடுவே வீடுகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. அங்கே 2.4இல் நெரிசல் எங்கிருந்து வரும்?

நெரிசல் மிகுந்த சந்தில், தடித்த சுவருக்கு அப்பால் டிவி இருந்தால்? அப்போது இரண்டு அலையும் வேண்டாம். ஒரு ஈத்தர்நெட் கம்பியை இழுத்துவிடுங்கள். ஸ்டிக்குக்கான ஈத்தர்நெட் அடாப்டர் கிடைக்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தராது என்று அதையும் குறை சொல்வார்கள். 15 வேண்டிய இடத்தில் 100 வந்தால் என்ன குறை?

ஸ்டிக்கோடு பெட்டியில் ஒரு குட்டி எச்டிஎம்ஐ எக்ஸ்டென்டர் வருகிறதே, அதைப் பல வீடுகளில் மேஜை இழுப்பறையில்தான் பார்க்கிறேன். அது அலங்காரத்துக்கு வருவதில்லை. டிவியின் பின்பக்கம் உலோகத் தகடு. ஸ்டிக்கை நேரே செருகினால் அந்தத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு அதன் ஆன்டெனா மூச்சுத் திணறுகிறது. அரை அடிக் கம்பியில் தொங்கவிட்டால் இரண்டு அலைவரிசையிலும் வலு கூடும்.

இன்னொரு மூடநம்பிக்கை இதைவிடப் பிடிவாதமானது. ஃபோனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப வேண்டுமென்றால் ஃபோனும் ஸ்டிக்கும் ஒரே அலைவரிசையில் இருந்தாக வேண்டுமாம். ஃபோனில் 5, ஸ்டிக்கில் 2.4 என்றால் ஒன்றையொன்று காணாதாம். தவறு. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போதும். ஒரே ரூட்டரின் இரண்டு அலைவரிசைகளும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள். எதன் வழியாக நுழைந்தாலும் உள்ளே ஒரே கூடம். "யார் அங்கே?" என்று ஃபோன் எழுப்பும் கேள்வியை ரூட்டர் இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2013இல் வந்த முதல் குரோம்காஸ்ட்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 5இல் இருந்த ஃபோன்களிலிருந்து அதற்கு ஆண்டுக்கணக்கில் படம் அனுப்பிக்கொண்டுதானே இருந்தார்கள்?

அப்படியானால் ஃபோனுக்கு ஸ்டிக் தெரியாமல் போவது ஏன்? பெரும்பாலும் வீட்டில் ஒன்றல்ல, இரண்டு நெட்வொர்க்குகள் இருப்பதால். இணைப்புக் கொடுத்தவர் மாட்டிய ஃபைபர் பெட்டியிலேயே வைஃபை இருக்கிறது. எட்டவில்லை என்று பென்டா மேனகா வணிக வளாகத்துக்குப் போய் இன்னொரு ரூட்டர் வாங்கி அதன் பின்னால் செருகுகிறார்கள். இரண்டாவது ரூட்டர் தனக்கென்று தனி முகவரிகள் கொடுத்துத் தனிக்குடித்தனம் நடத்துகிறது. ஸ்டிக் ஒன்றில், ஃபோன் மற்றதில். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இதற்கு மருந்து அலைவரிசையை மாற்றுவதல்ல. இரண்டாவது ரூட்டரின் அமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் மோடு என்றிருப்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். விருந்தினருக்கென்று கெஸ்ட் நெட்வொர்க் போட்டு அதில் ஸ்டிக்கைச் சேர்த்திருந்தாலும் இதே கோளாறு வரும். உள்ளே இருப்பவர்களை ஒருவருக்கொருவர் மறைப்பதுதான் அதன் வேலை.

சில சமயம் 5இன் பெயரே ஸ்டிக்கில் தெரியாது. உடனே "ஸ்டிக் டூப்ளிகேட்" என்று ஒரு தீர்ப்பு. வீட்டுக்கு வீடு வெளிநாட்டில் யாராவது இருக்கிற ஊர் இது. அங்கிருந்து வாங்கி வந்த கருவிகள் ஏராளம். ஒவ்வொரு நாட்டின் சட்டத்துக்கு ஏற்பச் சேனல்களை அடைத்துத்தான் விற்கிறார்கள். ஐரோப்பாவுக்கென்று செய்த சில கருவிகள் 149 முதலான சேனல்களைத் தேடுவதில்லை. அமெரிக்காவுக்குச் செய்தவை பெரும்பாலும் 2.4இன் 12, 13 சேனல்களைத் தொடுவதில்லை. ரூட்டரில் 5க்கு 36ஐயும் 2.4க்கு 1, 6, 11இல் ஒன்றையும் நிலையாக வைத்தால் பிரச்சினை அங்கேயே தீரும்.

இரண்டு அலைக்கும் ஒரே பெயர் வைத்து, எது நல்லதோ அதை ரூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று விளம்பரம் செய்கிறார்கள். எந்த அலையைப் பிடிப்பது என்று கடைசியில் முடிவு செய்வது ரூட்டர் அல்ல, ஸ்டிக். ரூட்டரால் தள்ளிவிட முடியும், கட்டளையிட முடியாது. மலிவான ஸ்டிக் ஒருமுறை பிடித்த அலையை, அது எவ்வளவு மெலிந்தாலும், எளிதில் விடுவதில்லை. ஆகவே நகராமல் ஒரே இடத்தில் தொங்கும் ஒரு கருவிக்குத் தனிப் பெயர், தனி அலை என்று பிரித்துக் கொடுப்பதே மேல்.

இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குச் சங்கடம் மட்டுமல்ல. 2023 ஜூன் 5 அன்று கேரள அரசு கே-ஃபோன் என்ற ஃபைபர் இணையத் திட்டத்தைத் தொடங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அப்போது அறிவித்த தொடக்கத் திட்டம் மாதம் 299 ரூபாய்க்கு 20 எம்பிபிஎஸ். கணக்குப் பாருங்கள், ஒரு 4கே படத்துக்கே அது போதும். பிள்ளைகளின் பாடமும் பாட்டியின் சீரியலும் அதிலேயே ஓடும். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் டிவி தடங்கினால், "5ஜியில போடுங்க, இல்லாட்டி பெரிய பிளான் எடுங்க" என்று சொல்வது அந்தக் குடும்பத்தின் அரிசிக் காசில் கை வைப்பது.

இணைப்புக் கொடுக்கப் போகிற ஒவ்வொருவருக்கும் அவருடைய நிறுவனம் ஒரு வேலையைக் கட்டாயமாக்க வேண்டும். ரூட்டரை மாட்டியதும் வேலை முடிந்தது என்று வண்டியை எடுக்காமல், ஃபோனோடு டிவி வரைக்கும் நடக்கட்டும். டிவியின் பின்னால் ஃபோனைப் பிடித்து இரண்டு அலைகளின் வலுவையும் பார்க்கட்டும். 5 மைனஸ் 67க்கு மேலே நின்றால் ஸ்டிக்கை அதில் சேர்க்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால் 2.4இல் சேர்த்து, ரூட்டரின் மேல் எந்த அறைக்கு எது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு வரட்டும்.