உழப்போகிறவன் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் நிலம் வாங்கி, சின்னதாக வீடு கட்டி, மாடு, ஆடு, தோட்டம் என்று வாழப்போவதாக இந்த வருடம் மட்டும் நான்கு பேர் என்னிடம் சொல்லிவிட்டீர்கள். நல்ல ஆசை. ஆனால் "பட்ஜெட் என்ன?" என்று கேட்டால் நால்வரும் நிலத்தின் விலையை மட்டும் சொல்கிறீர்கள். அது பட்ஜெட் இல்லை, முதல் செலவு.

மேற்கொண்டு கேட்டால், "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது சார்" என்று எனக்கே பழமொழி சொல்கிறீர்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவன் கணக்குப் பார்த்தவன். பார்த்ததால்தான் மிஞ்சாது என்று தெரிந்தது. அப்பன் விட்டுப்போன நிலம், அவனுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது. இன்னும் பத்திரம் பதியவில்லை.

20 லட்சத்துக்கு நிலம் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். மண்வெட்டி எடுக்கும் முன்பே 1,80,000 ரூபாய் போயிற்று.

அடுத்து வேலி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடி. 8 அடிக்கு ஒரு கல் நட்டால் 105 கல். அதே ஒரு ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளமாகக் கிடந்தால் சுற்றளவு 1,071 அடி, 134 கல். பரப்பளவு ஒன்றுதான், சுற்றளவு வேறு. வகுப்பில் நடத்தியபோது "இது எதுக்கு சார்?" என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

தண்ணீர். கார்த்திகையில் போய் நிலம் பார்த்துவிட்டு "பச்சைப்பசேல்" என்று போட்டோ அனுப்பாதீர்கள். சித்திரையில் போய்ப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். ஒரு போர் பொய்த்தால் இன்னொன்று போடப் பணம் வேண்டும். இலவச மின்சாரம் உண்டு, ஆனால் இணைப்புக்கு வரிசையில் நிற்க வேண்டும். அதுவரை மோட்டார் எதில் ஓடும்?

வரவு உடனே வராது. நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். மாடு ஏறக்குறைய பத்து மாதம் கறக்கும், பன்னிரண்டு மாதமும் தின்னும். யூடியூபில் "ஒரு ஏக்கரில் மாதம் லட்சம்" என்கிறாரே, அவருடைய லட்சம் முருங்கையிலிருந்து வருகிறதா, அந்த வீடியோவிலிருந்தும் பயிற்சி வகுப்பிலிருந்தும் வருகிறதா என்று கேளுங்கள். தன் உழைப்புக்கும் மனைவி உழைப்புக்கும் அவர் கூலி போட்டாரா என்றும் கேளுங்கள்.

நான் சொல்லும் கணக்கு எளிது. கையிலுள்ள பணத்தில் பாதிக்கு மேல், பத்திரச் செலவையும் சேர்த்து, நிலத்துக்குப் போகக்கூடாது. கால் பங்கு தண்ணீர், வேலி, கொட்டகை, கூரைக்கு. மீதிக் கால் பங்கு வங்கியில். இரண்டு வருட வீட்டுச்செலவு, பிள்ளைகள் ஃபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அதில் அடங்க வேண்டும். மனைவியின் நகையும் பிஎஃப் பணமும் இந்தக் கணக்கிலேயே வரக்கூடாது. அப்படியென்றால் 20 லட்சத்து நிலத்துக்குக் கையில் 40 லட்சத்துக்கு மேல் வேண்டும். இல்லையா? இரண்டு ஏக்கருக்குப் பதில் ஒன்று வாங்குங்கள். அல்லது ஒரு வருடம் குத்தகைக்கு எடுத்துப் பாருங்கள். ஊர் சிரிக்காது. சிரித்தாலும் கடன் இல்லாதவனைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

"ஆசையைக் கெடுக்கிறார் வாத்தியார்" என்று கமெண்டில் எழுதுவீர்கள், தெரியும். ஆசையைக் கெடுப்பது கணக்கு இல்லை. மூன்றாம் வருடம் மாட்டை விற்று வட்டி கட்டுவதுதான் கெடுக்கும்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு, மாதம் ஒரு பக்கமாக 36 மாதத்துக்கு எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்னிடம் கொண்டு வாருங்கள். சிவப்பு மை பேனா இன்னும் வைத்திருக்கிறேன்.