ஏழாண்டு கடந்த வேனின் ஆயில் சேம்பர்

பார்சுவநாதர் ஆலயத்தையும் தமிழ்ச் சமணரின் மடத்தையும் தரிசிக்க மேல்சித்தாமூருக்கு யாத்திரிகர்களை ஏற்றிவரும் பழைய வேன்கள், ஆயில் ஒழுகுகிறது என்ற புகாருடன் செஞ்சி வட்டாரத்துப் பட்டறைகளில் வந்து நிற்பதும், கேஸ்கட் போயிருக்கும் என்று அனுமானித்துக் கழற்றினால் கேஸ்கட் நன்றாகவே இருந்து, டிரெயின் பிளக்கைச் சுற்றிச் சேம்பரின் தகடு துருவேறிப் பொத்தலாகியிருப்பதும் நம் தொழிலில் புதிய அனுபவம் அல்ல. பழைய வண்டி துருப்பிடிக்காமல் என்ன செய்யும் என்று சொல்லி, வேறு சேம்பரை மாட்டி அனுப்பிவிடுகிறோம். இந்த அலட்சியத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

ஏனெனில் எல்லாத் துருவும் முதுமையின் துரு அன்று. கல்லடி பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் வெளியிலிருந்து அரித்தால் அது சாலையின் காரியம். உட்புறம் அரித்திருந்தால் ஆயிலில் நீர் கலந்ததா என்று தேட வேண்டும். மற்றப் பரப்பெல்லாம் பெயின்ட் பளபளப்புக் குன்றாதிருக்க, வெல்டிங் ஓரத்தில் மட்டும் பெயின்டுக்கு அடியிலிருந்தே துரு கிளம்பியிருந்தால், தகடு தொழிற்சாலையை விட்டு வெளிவருமுன்பே குறை புகுந்துவிட்டதோ என்று சந்தேகிக்க நியாயமுண்டு. ஓடும் பிரதேசத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மரக்காணத்து உப்பளங்களின் பக்கம் ஓடும் வண்டியும் செஞ்சிக் கோட்டையடியிலேயே ஓடும் வண்டியும் ஒரே வேகத்தில் அரிபடுவதில்லை. 1948 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நாட்டின் அரிமான நிலையை வரைபடமாகவே வகுத்ததற்குக் காரணம், இடத்துக்கு இடம் மாறும் இந்த வேகந்தான்.

அவ்வாறு தொழிற்சாலையிலேயே புகுந்த குறைக்காகத் தயாரித்த நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதற்கென 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள திரும்ப அழைப்பு விதிகள், ஏழாண்டுக்கு உட்பட்ட வாகனங்களையே கருதுகின்றன. பிரேக்கின் பழுது முதல் மாதத்திலேயே பிரத்தியட்சமாகலாம். துருவோ பெயின்டின் மறைவிலேயே ஆண்டுகளைக் கழித்து, விதியின் கதவு சாத்தப்பட்ட பின்னர் வெளிவரும் குணமுடையது. இது பெருங்குறை என்பது நம் அபிப்பிராயம். 2010 இல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பினால் ஸ்டெப்னியைத் தாங்கும் கேபிள் அரித்துச் சக்கரம் நடுவழியில் விழக்கூடும் என்று, ஏறக்குறைய 6,00,000 சியன்னா வேன்களைத் திரும்ப அழைத்தபோது, 1998 ஆம் ஆண்டு மாடல்களையும் விட்டுவிடவில்லை.

ஆயினும் 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110அ பிரிவு, பிரயாணிகளுக்கோ சாலையில் செல்வோருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைக்கக்கூடிய குறையை, வாகன உரிமையாளர்களில் குறித்த சதவீதத்தினரும் சோதனை நிலையமும் மட்டுமன்றி, வேறெந்த மூலமும் மத்திய அரசுக்குத் தெரிவிக்கலாம் என்று இடம் வைத்திருக்கிறது. தகட்டைக் கையால் தடவிப் பார்க்கும் மெக்கானிக்கைவிட வேறெவர் அந்த மூலமாகத் தகுதியுடையவர்? ஏழாண்டு கடந்த வண்டியைப் பற்றி எழுதுவதால் அந்த உரிமையாளருக்கு நஷ்டஈடு கிடைக்காமற் போகலாம். ஆனால் வேன்கள் நெடுங்காலம் ஒரே அமைப்பில் உற்பத்தியாகிறவை (1984 இல் வந்து பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்ற மாருதி வேன் 2019 வரை நீடித்தது). ஆகவே கிழட்டு வண்டியில் கண்ட குறை, அதே பாகத்தைத் தாங்கி ஓடும் இளைய வண்டிகளுக்கும் சாட்சியாகும்.

அந்தச் சாட்சி செல்லுபடியாக வேண்டுமானால் வாய்வார்த்தை போதாது. சேசிஸ் எண், எஞ்சின் எண், உற்பத்தியான மாதம், ஓடிய கிலோமீட்டர், பெரும்பாலும் ஓடும் ஊர்கள், சேம்பர் கம்பெனியில் பூட்டியதா பின்னர் மாற்றியதா என்னும் விவரம், கழற்றுமுன்னும் கழற்றிய பின்னும் எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதி, உரிமையாளரின் கையொப்பத்துடன் தயாரித்த நிறுவனத்துக்கு ஒரு பிரதியும் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு பிரதியும் அனுப்புங்கள். வண்டி ஏழாண்டுக்கு உட்பட்டதாயின், உரிமையாளரைக் கொண்டே அமைச்சகத்தின் இணையவாயிலிலும் பதியச் செய்யுங்கள். பதில் வரும்வரை, பொத்தலான அந்தச் சேம்பரை வண்டி எண் எழுதிய அட்டை கட்டிப் பட்டறையிலேயே வைத்திருங்கள். காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்.