கழுத்துக்கு மப்ளர், குரலுக்கு?

கார்த்திகை முடிவதற்குள் நம் கொல்கத்தாவின் தோற்றமே மாறிவிடுகிறது. வெலிங்டன் சதுக்கத்தில் கம்பளிக் கடைகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஸ்வெட்டர், சால்வை, மப்ளர், முகத்தில் கண்ணையும் மூக்கையும் மட்டும் உலகுக்குக் காட்டும் மங்கித் தொப்பி எல்லாம் பரணிலிருந்து இறங்கிவிடுகின்றன. ஜனவரியில் கூட இங்கே அதிகாலைக் குளிர் சராசரியாக 14 டிகிரிதான். டில்லிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் "டாண்டா லேகே ஜாபே", அதாவது குளிர் பிடித்துக்கொள்ளும், என்ற எச்சரிக்கை வீட்டுக்கு வீடு ஒலிக்கிறது. இந்த விஷயத்தில் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் வங்காளிகளுக்குச் சிறிதும் சளைத்தவர்கள் அல்லர்.

இதில் தவறொன்றும் இல்லை. நடுங்கும் உடம்புக்குப் போர்வை வேண்டியதுதான். ஆனால் மப்ளரைச் சுற்றிவிட்டால் குரலும் பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறோமே, அதைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நம்மவர்களுக்கு ஒரு விசேஷமான சங்கடம் உண்டு. கொல்கத்தாவில் குளிர் உச்சத்துக்குப் போகும் அதே நாட்களில்தான் நமக்கு மார்கழி. வங்காளிகளின் பௌஷ மாதமும் ஏறக்குறைய இதேதான். அவர்களுக்கு அது பிட்டே, பாயசம், புது வெல்லம் என்று சாப்பாட்டு மாதம். நமக்கோ பாட்டு மாதம். திருப்பாவை முப்பது, திருவெம்பாவை இருபது, விடியற்காலை பஜனை, அது முடிவதற்குள் பொங்கல் விழா ஒத்திகை, பாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டி. வருஷத்தில் குரலுக்கு அதிக வேலை வைக்கும் மாதமும், குரலுக்கு ஆகவே ஆகாத மாதமும் ஒன்றாக வந்து சேருகின்றன.

குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வருபவள் என்ற முறையில், ஒவ்வொரு ஆண்டும் ஒரே காட்சியைப் பார்த்து வருகிறேன். விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு குழந்தைக்குக் குரல் கம்மிவிடும். அம்மா பதறுவார். தேன், மிளகு, சுக்கு, மாத்திரை எல்லாம் நடக்கும். கழுத்தில் இரண்டு சுற்று மப்ளர் ஏறும். கடைசியில், "இவ்வளவு நாள் பழகியாச்சு, எப்படியாவது பாடிடட்டும்" என்று மேடையில் ஏற்றிவிடுவார்கள். குழந்தை கழுத்து நரம்பு புடைக்கப் பாடும். நாமும் கைதட்டுவோம். கம்மிய குரலோடு ஒரு குழந்தையைப் பாடவைப்பதை நம் சங்கங்கள் நிறுத்த வேண்டும் என்பதே என் கட்சி. காரணங்களைச் சொல்கிறேன்.

குரல்வளைக்குள் மெல்லிய சவ்வு போர்த்திய இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. மூச்சு வெளிவரும்போது அவை ஒன்றோடொன்று மோதி அதிர்வதால்தான் குரல் பிறக்கிறது. ஆண்கள் பேசும்போது வினாடிக்கு நூறு தடவைக்கு மேலும், பெண்களுக்கு இருநூறு தடவை போலவும், குழந்தைகளுக்கு இருநூற்றைம்பது, முந்நூறு தடவையும் இந்த மோதல் நடக்கிறது. ஒரு குழந்தை அரை மணி நேரம் விடாமல் பாடினால் கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலரை லட்சம் மோதல்! இதைத் தாங்கிக்கொள்வதற்கு அந்தச் சவ்வு ஈரமாகவும் வழவழப்பாகவும் இருந்தாக வேண்டும்.

குளிர்காலம் பறிப்பது இந்த ஈரத்தைத்தான். "பனி கொட்டுகிற காலையில் காற்றில் ஈரம் இல்லையா?" என்று கேட்கலாம். 14 டிகிரிக் காற்று, பனிமூட்டமாகவே இருந்தாலும், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 12 கிராம் நீராவியைத்தான் தாங்கும். நம் உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில், அதே அளவு காற்றுக்கு 44 கிராம் வேண்டும். மிச்சத்தை மூக்கும் தொண்டையும்தான் தங்கள் ஈரத்திலிருந்து கொடுக்க வேண்டும். மூக்கு வழியாக மூச்சு இழுத்தால் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். பாடும்போதோ வாயால் இழுக்கிறோம். குளிர்ந்து உலர்ந்த காற்று நேரே குரல்நாண்களுக்குப் போகிறது. கழுத்துக்கு வெளியே சுற்றிய கம்பளி இதற்கு என்ன செய்யும்? அந்த மப்ளரையே சற்று உயர்த்தி மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நடந்தாலாவது, வெளிவிடும் மூச்சின் சூடும் ஈரமும் அடுத்த மூச்சுக்குக் கொஞ்சம் உதவும்.

குளிரைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது. அது புகை. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டாற்போல் நின்றுவிடும். வண்டிப் புகையும், குப்பை எரிக்கும் புகையும், சாலைப் புழுதியும் மேலே போக வழியில்லாமல் நம் மூக்கு மட்டத்திலேயே தங்கிவிடும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் அந்த மூடி விலகுகிறது. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களுக்கு நம் நாடு ஒரு நாளைக்கு வகுத்த வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது 15தான். கொல்கத்தாவின் குளிர்கால நாட்களில் பல, நம் நாட்டு வரம்பையே தாண்டிவிடுகின்றன. ரவீந்திர சரோவரிலும் பாலிகஞ்சிலும் ஜாதவ்பூரிலும் காற்றை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அளவுகளைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். மழை வருமா என்று பார்க்கிற நாம் இதையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

இங்கே சிலர் உடனே ஓசோனைக் கொண்டுவருவார்கள். மார்கழி விடியலில் ஓசோன் நிறைந்திருக்கிறது, அதைச் சுவாசிக்கத்தான் முன்னோர்கள் அதிகாலைப் பாட்டை வைத்தார்கள் என்று மேடைக்கு மேடை கேட்டிருக்கிறோம். தரைமட்டத்து ஓசோன் வெயில் பட்டு உண்டாவது. விடியுமுன் அது மிகக் குறைவாகவே இருக்கும். அப்படியே நிறைய இருந்தாலும் அது மூச்சுக்குழாயை எரிக்கும் வாயுவே தவிர மருந்து அல்ல. விடியலில் பாடுவதற்குப் பக்தி என்ற காரணமே போதும். விஞ்ஞானத்தின் பேரைக் கடன் வாங்க வேண்டியதில்லை. அந்தப் பாடல்கள் பிறந்த ஊர்களின் விடியல் காற்று வேறு, ராஷ்பிகாரி அவென்யூவின் விடியல் காற்று வேறு.

வெளிப் புகையைச் சொல்லிவிட்டு வீட்டுப் புகையைச் சொல்லாமல் விடக் கூடாது. குளிருக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, உள்ளே கொசுவர்த்திச் சுருளும் ஊதுவத்தியும் சாம்பிராணியும் ஏற்றிவைத்து, நடுவில் குழந்தைகளை உட்காரவைத்துப் பாடச் சொல்கிறோம். யாராவது ஒருவருக்கு ஜலதோஷம் இருந்தால் அடைத்த அறையில் அது எல்லோருக்கும் பங்காகிறது. குரல் கம்முவது பெரும்பாலும் இந்த ஜலதோஷக் கிருமிகளால்தான். இவை வைரஸ்கள் என்பதால் ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கு இங்கே வேலையில்லை.

சரி, கைவைத்தியம்? இதில் நமக்கும் வங்காளிகளுக்கும் ஆச்சரியமான ஒற்றுமை. நாம் அதிமதுரம் என்பதை அவர்கள் ஜஷ்டிமது என்கிறார்கள். நம் ஆடாதோடை அவர்களுக்குப் பாசக் இலை. நம் பனங்கற்கண்டு அவர்களுக்குத் தால்மிச்ரி. துளசியும் இஞ்சியும் இரு வீட்டிலும் உண்டு. தொண்டைக்கு இதமாக இருக்கும், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். நாம் விழுங்கும் எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறிவிடும்! விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்ளும்படிதான் படைப்பே. உப்புநீரில் கொப்பளித்தாலும் அது மேல்தொண்டையோடு நின்றுவிடும். குரல்நாண் வரை நேரே போகக்கூடியது வெறும் நீராவி. வெந்நீரைத் திறந்துவிட்டுக் குளியலறைக் கதவை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் மெதுவாக மூச்சு விட்டாலே போதும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குழந்தைகளைக் குனியவைப்பது ஆபத்து. தாகம் எடுக்காவிட்டாலும் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்து வந்தால், உடம்பே உள்ளிருந்து சவ்வுக்கு ஈரம் கொடுத்துவிடும்.

இத்தனையும் செய்தாலும் கம்மிய குரலுக்கு முதல் மருந்து மௌனம்தான். வீங்கிய நாண்களை மோதவிட்டால் அவை மேலும் வீங்கும். முக்கிப் பாடினால் உள்ளே ரத்தம் கசியலாம். இதுவே பழக்கமானால் காய்ப்பு ஏறினாற்போல் முடிச்சு விழும். கனைத்துக் கனைத்துத் தொண்டையைச் சரிசெய்வதும், கிசுகிசுவென்று கஷ்டப்பட்டுப் பேசுவதும் ஓய்வு ஆகா. புகழ்பெற்ற ஆங்கிலப் பாடகி அடேல் 2011ல் குரல்நாணில் ரத்தக் கசிவு ஏற்பட்டதும் தம் அமெரிக்கக் கச்சேரிகளை ரத்து செய்தார். அறுவை சிகிச்சையும் ஓய்வும் முடிந்து 2012 பிப்ரவரியில் கிராமி விழா மேடையில் மறுபடி பாடினார். லட்சக்கணக்கானோர் டிக்கெட்டுக்குக் காத்திருக்கும் ஒருவர் பாட மறுக்கலாம். நம் பொங்கல் விழாவில் ஒரு பத்து வயதுக் குழந்தை மறுக்கக் கூடாதா?

"நஸ்ருல் மஞ்சில் ஜனவரிக் குளிரில் விடிய விடிய டோவர் லேன் மாநாடு நடக்கிறதே, அவர்கள் பாடவில்லையா?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். பாடுகிறார்கள். 1952 முதல் நடந்து வரும் மாநாடு அது. ஆனால் அங்கே பாடுகிறவர்கள் பல்லாண்டு பயின்ற வித்வான்கள். அரங்கத்துக்குள், நல்ல மைக்கின் முன், குரலைப் பதப்படுத்திக்கொண்டு பாடுகிறார்கள். பனியில் தெருவில் நின்று, ஆர்மோனியத்தையும் ஜால்ராவையும் மீறிக் கத்துகிற குழந்தையோடு அவர்களை ஒப்பிடுவது நியாயமாகாது.

குழந்தைகள் மட்டுமல்ல. நம் பெண்களில் பலர் இங்கே பள்ளி ஆசிரியைகள். நாற்பது ஐம்பது பிள்ளைகள் முன் நாள்தோறும் ஐந்து மணி நேரம் உரக்கப் பேசுகிறவர்கள். குரல் கோளாறு அதிகம் வரும் தொழில்களில் ஆசிரியத் தொழில் முன்வரிசையில் நிற்கிறது. கால் சுளுக்கினால் விடுப்புக் கேட்கிறோம், குரல் போனால் கேட்கக் கூசுகிறோம். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்ல ஸ்வெட்டர் வாங்குவதைவிடப் பயன் தரும். மூன்று நான்கு வாரமாகியும் குரல் தெளியவில்லை என்றால் கஷாயத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ, விழுங்கச் சிரமமோ, எச்சிலில் ரத்தமோ இருந்தாலும், புகைபிடிப்பவராக இருந்தாலும் அதுவரை காத்திருக்கவே கூடாது. நகரத்தின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு.

சங்கப் பொறுப்பாளர்களுக்கு என் விண்ணப்பம் நான்கே. ஒன்று, குழந்தைகளை வைத்து நடத்தும் தெருபஜனையை விடியற்காலையில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பின் வைத்துக்கொள்ளலாம். விடியலில்தான் பாட வேண்டும் என்கிற பெரியவர்கள் கோயிலுக்குள் பாடட்டும். இரண்டு, ஒத்திகை அறையில் புகை வேண்டாம். ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும், குடிக்கத் தண்ணீர் இருக்கட்டும். மூன்று, ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு குழந்தைகளைத் தயார் செய்வோம். ஒருத்திக்கு முடியாவிட்டால் மற்றவள் இருப்பாள், யார் தலையிலும் பாரம் விழாது. நான்கு, போட்டியன்று குரல் கம்மியவர்களுக்கு மாசி மாதத்தில் இன்னொரு வாய்ப்புக் கொடுப்போம்.

அப்படிப் பாட முடியாத குழந்தையை வீட்டிலும் உட்காரவைக்க வேண்டாம். மேடைக்கு வரட்டும், மற்றவர்களோடு உட்கார்ந்து தாளம் போடட்டும். பாட்டு காதில் விழும், குரல் ஓய்வெடுக்கும். சொந்த ஊரிலிருந்து இத்தனை தூரம் வந்தும் நம் பேரப்பிள்ளைகள் தமிழில் பாடுகிறார்கள் என்பதே நமக்குப் பெரிய சொத்து. இந்தப் பொங்கலுக்கு ஒரு பாட்டுக் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த பொங்கலுக்கும் அதற்கடுத்த பொங்கலுக்கும் அந்தக் குரல் நமக்கு வேண்டும்.