மன உறுதி மட்டும் போதுமா?

"பீடியை விட முடியவில்லையா? நெஞ்சுரம் இல்லாதவன்!" என்று நம் தோழர்களே சக தோழனைக் கேலி பேசுவதைக் கேட்கிறோம். கேலி பேசுவோரை நாம் ஒன்று கேட்கிறோம். 40 நாள் வேலைநிறுத்தத்திலே, வீட்டில் அடுப்பெரியாததைக் கண்டும் கலங்காமல் கொடி பிடித்து நின்றானே, அவனா நெஞ்சுரம் இல்லாதவன்? முதலாளி நீட்டிய பணத்தைத் தொடாத கை, இரண்டு விரல் நீள இலைச் சுருளைத் தொடாமல் ஒரு பகல் இருக்க முடியவில்லை என்றால், கோளாறு வேறிடத்தில் இருக்கிறது என்பது விளங்கவில்லையா?

அந்த வேறிடம் மூளை. புகையை இழுத்த சில விநாடிகளிலேயே நிகோட்டின் என்னும் பொருள் அங்கே போய்ச் சேர்கிறது. நாள்தோறும் வாங்கிப் பழகிய மூளை, வராத நாளில் வம்பு செய்கிறது. எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, வேலையிலே கருத்து நில்லாமை! இது அடிமைத்தனமே என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 1988-லேயே அறிக்கை வெளியிட்டார். சிகரெட்டைவிட பீடி சாது என்பாரும் உண்டு; அது பச்சைப் பொய்.

ஒருவன் தன் நிலையை அறிவது எப்படி? எழுந்த எத்தனை நேரத்தில் முதல் பீடி என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். 30 நிமிடத்துக்குள் என்றால் பிடி இறுகியிருக்கிறது. 5 நிமிடத்துக்குள் என்றால் மிகவும் இறுகியிருக்கிறது. பற்ற வைக்காவிட்டால் காலைக்கடன் கழியாது என்பவரும், காய்ச்சலில் கிடந்தபோதும் புகைத்தவரும் வேறு சோதனை தேட வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவர் மருந்தை நாடுவது கோழைத்தனமா? மருந்தின்றி விட்டவர்கள் உண்டு, பாராட்டுகிறோம். எப்போதோ ஒன்று புகைப்பவருக்கு மருந்து தேவைப்படாமலே போகலாம். ஆனால் எந்தத் துணையுமின்றி முயல்வோரில் 100-க்கு 4 பேரே வெல்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்ற 96 பேரும் கோழைகளா? ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு இரு மடங்குக்கு மேலாகிறது என்பதும் அந்நிறுவனம் சொல்வதுதான்.

"நிகோட்டினை விட நிகோட்டின் சூயிங்கமா?" என்று நகைப்பார்கள். உயிரைக் குடிப்பது பெரும்பாலும் புகையிலுள்ள தாரும் நச்சு வாயுக்களும். சூயிங்கத்தில் அவை இல்லை; அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடலாம். ஆனால் மிட்டாய்போல் மென்று விழுங்கினால் விக்கல்தான் மிச்சம்! காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ ஆகாது. டீ குடித்த வாயில் மருந்து சரியாக ஏறாது. டீயும் பீடியும் இரட்டைப் பிள்ளைகளாக வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

மாத்திரைகளும் உண்டு. அவற்றை டாக்டர் சீட்டோடுதான் வாங்க வேண்டும். வலிப்பு நோயுள்ளவர் புப்ரோபியானைத் தொடக் கூடாது. வேரனிக்கிளின் சிலருக்குக் குமட்டும், கனவுகள் மிகும்.

நிற்க. வாரக்கணக்கில் வாங்கக் கூலிக்காரனிடம் பணம் ஏது? 2022-ல் இந்திய அரசே நிகோட்டின் மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருந்தால் கைக்கு வந்துவிடுமா? நம் கூலியில் 100 ரூபாய்க்கு முக்கால் ரூபாய் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். அதன் மருந்தகம் ஒவ்வொன்றிலும் இது தட்டாமல் கிடைக்க வேண்டும். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சங்கத் தோழர்கள் இதையும் எழுதட்டும். விட நினைக்கும் தோழர் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஆலோசனைக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356.