பாலம் கடக்க என்ன கூலி?

2022-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி, ஒரு வாடிக்கைக்காரர் ரோனின் என்ற பாலத்திலிருந்து தமக்குச் சேரவேண்டிய 5,000 ஈதர் நாணயத்தை எடுக்க முயன்றார். வரவில்லை. ஏன் வரவில்லை என்று கம்பெனிக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் சங்கதி வெளிப்பட்டது. மார்ச் 23-ஆம் தேதியே 1,73,600 ஈதரும், 2 கோடியே 55 லட்சம் யு.எஸ்.டி.சி. என்ற டாலர் நாணயமும் களவு போயிருந்தன. செய்தி வெளிவந்த நாளின் விலையில் மொத்தம் 60 கோடி டாலருக்கு மேல். ஆறு நாள் வரை யாரும் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை!

இந்தக் களவைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் திருடனைப் பற்றியே பேசுகிறார்கள். அமெரிக்க எப்.பி.ஐ. துப்பறிந்து, வட கொரியாவின் லாசரஸ் கூட்டத்தார் வேலை இது என்று அறிவித்தது. ஆனால் திருடனைக் காட்டிலும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பாலத்தை எதற்காகக் கட்டினார்கள்? வேறு பாதையில் கூலி அதிகம் என்பதற்காகக் கட்டினார்கள்.

பிளாக்செயின் என்பது, சுருங்கச் சொன்னால், பலர் சேர்ந்து எழுதும் ஒரு பேரேடு. எத்தீரியம் ஒரு பேரேடு, பிட்காயின் இன்னொன்று, ரோனின் மற்றொன்று. ஒரு பேரேட்டில் எழுதியதை இன்னொரு பேரேடு தானாகப் படித்துக்கொள்ளாது. ஆகவே எத்தீரியத்திலுள்ள ஈதர் வேறு பேரேட்டுக்குப் பிரயாணம் செய்வதே கிடையாது. இந்தக் கரையில் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள்; அந்தக் கரையில் அதே தொகைக்கு ஒரு ரசீது எழுதித் தருகிறார்கள். அங்கே கைமாறுவதெல்லாம் இந்த ரசீதுதான். திரும்பி வரும்போது ரசீதைக் கிழித்துவிட்டுப் பூட்டைத் திறக்கிறார்கள். இதற்குப் பெயர்தான் பாலம். உண்மையில் இது அடகுக் கடை. நகைக்குப் பதில் ஈதர்.

இனி கூலிக் கணக்கைப் பார்ப்போம். எத்தீரியத்தில் ஒருவருக்கு ஒருவர் சாதாரணமாக ஈதர் அனுப்ப 21,000 அலகு 'காஸ்' செலவாகிறது. ஓர் அலகின் விலை நெரிசலைப் பொறுத்தது. ஈதரை நூறு கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு 'க்வே' என்று பெயர். அலகுக்கு 100 க்வே கேட்கும் நெரிசல் நாளில் கூலி 21 லட்சம் க்வே, அதாவது 0.0021 ஈதர். ஈதர் 3,000 டாலர் விற்றால் 6 டாலர் 30 சென்ட். பாலத்தில் பூட்டி ரசீது வாங்குவது இதைவிடச் சிக்கலான வேலை. அதற்கு ஒரு லட்சம் அலகு பிடித்தால் 30 டாலர் ஆயிற்று.

இதில் ஓர் அநியாயம் இருக்கிறது. மணியார்டருக்குக் கமிஷன் தொகைக்குத் தக்கபடி வாங்குவார்கள். காஸ் அப்படியல்ல. 50 டாலர் அனுப்புகிறவனும் 5 லட்சம் டாலர் அனுப்புகிறவனும் ஒரே கூலி கொடுக்க வேண்டும். பணக்காரனுக்கு அது பீடாச் செலவு. ஏழைக்கு மூலதனத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

இந்த அநியாயத்துக்குப் பரிகாரமாகத்தான் ரோனின் பிறந்தது. ஸ்கை மேவிஸ் என்ற வியட்நாம் கம்பெனி ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டை நடத்தி வந்தது. தொற்றுநோய்க் காலத்தில் வேலையிழந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் பலர் அந்த விளையாட்டில் கிடைத்த நாணயத்தைக் கொண்டு குடும்பச் செலவைச் சமாளித்தார்கள். அவர்கள் சம்பாதிப்பது சில்லறை. ஒவ்வொரு தடவையும் எத்தீரியத்துக்குப் பல டாலர் அழுதால் மிச்சம் என்ன இருக்கும்? ஆகவே 2021-இல் கம்பெனி சொந்தமாக ஒரு பேரேடு தொடங்கி, எத்தீரியத்துக்கும் அதற்கும் நடுவே பாலமும் கட்டியது. கூலி சொற்பமாயிற்று, ஜனங்களும் கொண்டாடினார்கள்.

ஆனால் கூலி எப்படிக் குறைந்தது? எத்தீரியத்தில் பல்லாயிரம் கணினிகள் கணக்கைச் சரிபார்க்கின்றன. ரோனினில் சரிபார்த்தவர்கள் ஒன்பதே பேர். அவர்களில் ஐந்து பேர் கையெழுத்திட்டால் பெட்டி திறக்கும். அந்த ஒன்பதில் நான்கு திறவுகோல்கள் ஸ்கை மேவிஸ் கம்பெனியிடமே இருந்தன. ஐந்தாவது, ஆக்ஸி சபையினுடையது. 2021 நவம்பரில் கூட்டம் தாங்காமல், தங்கள் சார்பிலும் கம்பெனியே கையெழுத்திடலாம் என்று அந்தச் சபையார் அனுமதி கொடுத்தார்கள். டிசம்பரில் அந்த ஏற்பாடு நின்றது. கொடுத்த அனுமதியை ரத்துச் செய்ய மறந்துவிட்டார்கள். கம்பெனி ஊழியரை ஏமாற்றி உள்ளே நுழைந்தவனுக்கு நான்கு சாவிகளும், ஐந்தாவதற்கு வழியும் ஒரே வீட்டில் கிடைத்துவிட்டன. சிக்கனம் எங்கே செய்தார்கள் என்று இப்போது விளங்குகிறதல்லவா? கூலியில் குறைத்ததைக் காவலில் குறைத்தார்கள். அந்தச் செலவு எந்த ரசீதிலும் அச்சாகவில்லை.

ரோனின் ஒன்றுதான் இப்படி என்று எண்ண வேண்டாம். அதே 2022-இன் பிப்ரவரியில் வார்ம்ஹோல் என்ற பாலத்தில் ஒருவன் எதையும் பூட்டாமலே 1,20,000 ஈதருக்கு ரசீது எழுதிக்கொண்டான். ஆகஸ்டில் நோமட் பாலத்தில் நடந்தது கூத்து. புதுப்பித்தபோது ஏற்பட்ட ஒரு பிழையால், முதல் திருடன் எழுதிய உத்தரவை அப்படியே காப்பியடித்து, விலாசத்தை மட்டும் மாற்றினால் பணம் கொட்டியது. கணினி வித்தை தெரியாதவர்களெல்லாம் வரிசையாய் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். சுமார் 19 கோடி டாலர் கரைந்தது. பின்னர் மனச்சாட்சி உறுத்திச் சிலர் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

அச்சில் வராத வேறு செலவுகளும் உண்டு. பாலத்தார் தரகு, அக்கரையில் ரசீதை வேறு நாணயமாக மாற்றும்போது விலையில் வழுக்கும் வித்தியாசம், அக்கரைப் பேரேட்டில் கூலி கொடுக்க அந்த ஊர் நாணயமே வேண்டும் என்ற நிபந்தனை. இந்தக் கடைசிச் சங்கதி தெரியாமல் போனவன், கை நிறையப் பணம் இருந்தும் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாதவன் போல நடுத்தெருவில் நிற்கிறான். ஆர்பிட்ரம், ஆப்டிமிசம் போன்ற இரண்டாம் அடுக்குப் பேரேடுகளிலிருந்து அவற்றின் சொந்தப் பாலம் வழியாக எத்தீரியத்துக்குத் திரும்புவதற்கு ஏறத்தாழ ஏழு நாள் காத்திருக்க வேண்டும். மோசடி நடந்திருந்தால் ஆட்சேபிக்க விட்ட தவணை அது. காத்திருக்க முடியாதென்றால், முன்பணம் கொடுக்கும் தனியார் பாலங்கள் இருக்கின்றன. அவர்கள் தர்மத்துக்குச் செய்வதில்லை.

காலம் மாறவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2024 மார்ச்சில் எத்தீரியத்தில் செய்த சீர்திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அடுக்குகளில் கூலி பெரும்பாலும் சில சென்ட்டுகளுக்கு இறங்கிவிட்டது. 2023-இல் சர்க்கிள் கம்பெனி தன் யு.எஸ்.டி.சி.க்குப் புது வழி கண்டது: இக்கரையில் நாணயத்தை அழித்து, அக்கரையில் புதிதாய் அச்சடிக்கிறார்கள். நடுவில் கொள்ளையடிக்கப் பெட்டியே இல்லை. சர்க்கிளை நம்பவேண்டும் என்பது மெய்தான். ஆனால் அந்த நாணயத்தை வைத்திருப்பவன் முன்பே சர்க்கிளை நம்பித்தானே வாங்கினான்!

ஆயினும், 'கட்டணம் இல்லை' என்று பலகை மாட்டும் பாலங்கள் இன்றும் முளைத்த வண்ணம் இருக்கின்றன. பணப்பைச் செயலிகள் கூலியைச் சென்ட் கணக்கில் காட்டுகின்றன. பூட்டின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, அவர்கள் தனித்தனி ஆசாமிகளா, ஒரே கம்பெனியின் பல முகங்களா என்பதை அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் காட்டச் சொல்லிச் சட்டம் போட்டால் என்ன? அரிசி மூட்டையின் மேல் எடை போட வேண்டுமென்று அரசாங்கம் கேட்கவில்லையா?

ரோனின் பாலத்துக்கு வருவோம். கம்பெனியார் ஓடி ஒளியவில்லை. 15 கோடி டாலர் முதலீடு திரட்டியும் சொந்தப் பணத்தைப் போட்டும் வாடிக்கைக்காரர்களின் ஈதரை ஈடு செய்து, ஜூன் 28-ஆம் தேதி பாலத்தைத் திறந்தார்கள். இடையில் ஒரு பரிவர்த்தனை நிலையத்தின் மூலமாகச் சிலருக்குப் பணம் எடுக்க வழி கிடைத்தது. அது கிடைக்காமல் மூன்று மாதம் காத்திருந்தவனுக்கு, வைத்திருந்த ஈதர் எண்ணிக்கை குறையாமல் கைக்கு வந்தது. களவு நடந்த வாரத்தில் ஓர் ஈதர் சுமார் 3,000 டாலர் விற்றது. பாலம் திறந்த வாரத்தில் சுமார் 1,200 டாலர்.