அங்குஸ்தானின் வடு

ஆங்கில நாட்டு ரெடிட்ச் நகரில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஏவரி என்பாரின் தொழிற்சாலை பித்தளை ஊசிக்கூடுகளைத் தள்ளுவண்டி, வண்ணத்துப்பூச்சி முதலிய வடிவங்களிற் செய்தது. ஸ்காத்லாந்தின் மாக்லின் ஊர்த் தொழிலாளர் மரத்தில் ஊர்க்காட்சிகளைப் பதித்து, நூற்பேழைகளும் அங்குஸ்தான் கூடுகளுஞ் செய்தனர். பயணிகள் அவற்றை நினைவுப்பொருளாக வாங்கிச் சென்றனர். இன்று இத்தகையவற்றைத் திரட்டுவோர் தேய்வும் வடுவும் இல்லாதவற்றையே பெரிதும் விரும்புகின்றனர். இம்மதிப்பீடு பொருந்துமோ? பொருந்தாதென்பதே எம் துணிபு. புதுமை குன்றாத கூடு, விற்ற கடையையன்றி வேறெதனையும் நினைவுறுத்தாது. ஊசிமுனை துளைத்த அங்குஸ்தானோ, விளக்கொளியிற் கண்ணயராது தைத்தாள் ஒருத்தியின் விரலை நமக்குக் காட்டும். அவள் பெயரை எவரும் எழுதிவைத்திலர். அவ்வடுவே அவள் கையொப்பம். அழகைப் போற்றுவோம், அதனினும் உழைப்பின் சுவட்டைப் போற்றுவோமாக. நினைவுப்பொருளென்னும் பெயர் அதற்கே உரியதன்றோ?