கணக்கில் வராத முகம்

சைதாப்பேட்டையில் ஒரு காலத்தில் தொழுநோய் கண்ட குழந்தைகளுக்கென்றே வெள்ளிவிழாக் குழந்தைகள் சிகிச்சை நிலையம் நடந்துவந்ததும், 1955ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் அதனையும் செங்கற்பட்டை அடுத்த திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் ஆரோக்கிய நிலையத்தையும் ஏற்று மத்திய ஆராய்ச்சி நிலையம் கண்டதும், இன்று பஜார் ரோட்டில் நடமாடுவோரில் அநேகருக்குத் தெரிந்திராது. அந்நோய் தீரக்கூடியது என்பதில் இப்போது விவாதமில்லை. நான் சொல்ல வருவது, தீர்ந்த பிறகு எஞ்சி நிற்கும் முகத்தைப் பற்றி.

இழுத்துவிட்ட சருமம் பழைய நிலைக்கு மீள்வது, அதன் உட்படலத்தில் பின்னிக் கிடக்கும் எலாஸ்டின் என்ற புரதத்தாலான நுண்ணிழைகளின் உபயம். கருவிலும் பால்யத்திலும் நெய்யப்பட்டு ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டிய இவ்விழைகள் அழிந்துபோனால், சரீரம் அவற்றை முன்போல மறுபடி நெய்து கொடுப்பதில்லை. தொழுநோயின் கடுமையான வகையில், கிருமிகளை விழுங்கிய அணுக்கள் நெற்றியிலும் கன்னத்திலும் காதுமடலிலும் திரளாகக் குவிந்து, சருமத்தை உப்பச் செய்து இழைகளையும் சிதைக்கின்றன. பின்னர் மருந்தால் கிருமி மாண்டு வீக்கம் வடியும்போது, பஞ்சை உருவிய தலையணை உறைபோல் முகம் தொய்ந்து, காது நீண்டு சுருங்கித் தொங்க, நடுவயதுக்காரர் முதியவராகக் காட்சியளிக்கிறார். ஊரார் நோயென்று அஞ்சி ஒதுங்குவது பெரும்பாலும் நோய் விட்டகன்றவரைக் கண்டுதான்.

உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த ஊனத் தரவரிசையோ கண், கை, கால் இம்மூன்றையே பார்க்கிறது. உணர்விழந்த காலில் புண் புரையோடும், மூடாத கண்ணில் பார்வை போகும் என்பதால் அந்த முன்னுரிமையில் நியாயமுண்டு. ஆயினும் முகத்தொய்வு மட்டும் உடையவரின் ஊனம் பூஜ்யம் என்றல்லவா பதிவாகிறது! 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவர்களைத் தனிப்பிரிவாக ஏற்றிருப்பினும், அதன் இலக்கணமும் பெரும்பாலும் அம்மூன்று அவயவங்களையே சுற்றிவருகிறது.

அழகுக்கான சிகிச்சைதானே என்பார்கள். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிய விரல்களை நிமிர்த்திப் புகழ்பெற்றதுபோல, பம்பாயில் டாக்டர் ஆன்டியா இந்நோயாளிகளின் முகத்தைச் சீரமைப்பதில் ஈடுபட்டார். தளர்ந்த தோலை அறுத்து இழுத்துத் தைப்பதும், நீண்ட காதுமடலைக் குறுக்குவதும் அபூர்வ வித்தையல்ல. சினிமா நட்சத்திரங்கள் வயதை மறைக்கச் செய்துகொள்வதும் ஏறக்குறைய இதுவே. ஹோட்டலில் பரிமாறும் வேலை கேட்டு நிற்பவருக்கோ அது ஜீவனோபாயம். 1898ஆம் ஆண்டின் குஷ்டரோகிகள் சட்டம் 2016 வரை ரத்தாகாமலும், தொழுநோய் விவாகரத்துக்குரிய காரணமாக 2019 வரை நீடித்தும் வந்த தேசத்தில், அந்த ஹோட்டல் முதலாளியை மட்டும் நொந்து பயனில்லை.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். சிகிச்சை முடிந்து நோயாளியின் அட்டையை மூடும் நாளில், வைத்தியர் கை, கால், கண்ணோடு முகத்தையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்து, இப்படியொரு சிகிச்சை உண்டென்று தாமே எடுத்துச் சொல்லி, விரும்புகிறவரை அவர்களிடம் அனுப்பவேண்டும்.